முளை அடிக்காத மேடை

பதினான்கு அடி லொறி. அதுதான் முதல் அளவு.
எந்தக் குழாயும் பதின்மூன்றரைக்கு மேல் போகக் கூடாது;
மிச்ச அரையடி பாய்களுக்கும்
ஞானரூபனின் ஒற்றைச் சில்லுச் சைக்கிளுக்கும்.

முதல் காட்சியில் படகு.
கவிழ்த்தால் வீடு.
நிமிர்த்திச் செருகினால் கோபுரம். அதன் உச்சியில்
ஜெனுசியா ஒரு கையில் நிற்பாள்.
நாற்பத்தாறு கிலோதான் அவள்.
கரணமடித்து வந்து இறங்கும் கணத்தில் மட்டும்
இரும்புக்கு இருநூற்றைம்பது.
பார்ப்பவர்களுக்கு அது தெரியக் கூடாது,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒரே சாவி, பதினேழாம் நம்பர்.
தொண்ணூற்றாறு நட்டு.
பூட்ட நாற்பது நிமிடம், கழற்ற இருபத்தைந்து,
மழையென்றால் ஒருவரும் நேரம் பார்ப்பதில்லை.

மல்லாவியில் மண்டபக் கூரை தாழ்வு.
கோபுரத்தின் தலையைக் கழற்றிக் கீழே வைத்தோம்.
கட்டில் மாதிரி இருக்கு என்றான் கம்சன்;
அன்றைக்குக் கதையிலும் ஒரு கட்டில் வந்தது.
புதுக்குடியிருப்பில் மணல்.
கால்களுக்கடியில் பலகை, பலகைக்கடியில் இன்னொரு பலகை.
முன்வரிசையில் ஒரு பெடியன்
"உது படகில்லை, உழவு மெசின்ர பெட்டி" என்றான்.
பெட்டிதான். அடுத்த நாள் சில்லு வரைந்தேன்.

பிறகு இந்தப் பள்ளிக்கூடம்,
ஒட்டுசுட்டானுக்கும் உள்ளே, காடு முட்டும் மைதானம்.
இழுகயிறுகளுக்கு எட்டு முளை அடிக்க வேண்டும்.
சம்மட்டி ஓங்கிய கையை
அதிபர் ஓடிவந்து பிடித்தார்.
"துப்புரவாக்கின நிலம்தான் பிள்ளை, கடிதமும் கிடக்கு.
எண்டாலும் ஆழமா ஒண்டும் இறக்காதேங்கோ."

சம்மட்டியைப் புல்லில் படுக்க வைத்தேன்.
மூலைக்கு இரண்டு பரல்,
பரலுக்கு இருநூறு லீட்டர்,
கிணற்றடியிலிருந்து கைமாறி வந்த வாளிகளில்
பத்தாம் வகுப்பு முழுக்க நனைந்தது.
மேடை நிலத்தைத் தொட்டது. துளைக்கவில்லை.

ஆட்டம் முடிந்து எண்ணினால் தொண்ணூற்றைந்து.
கைபேசி வெளிச்சத்தில் குனிந்து தேடினோம்.
மைதான ஓரத்தில் ஒரு மஞ்சள் நாடா
காற்றுக்குப் படபடத்துக்கொண்டிருந்தது.
அதற்கு அப்பால், புல்லுக்குள் ஏதோ மினுங்கியது.
நட்டாகவும் இருக்கலாம்.

அந்தரத்தில் மூன்று சுற்றுச் சுழல்பவள்
நாடாவுக்குக் கிட்டப் போய்
இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நின்றாள்.

பரல்களைச் சரித்தோம்.
தண்ணீர் தன்பாட்டில் பள்ளம் பார்த்து
நாடாவுக்கு அடியால் போனது.

மாங்குளத்தில் கடை எட்டு மணிக்குத் திறக்கும்.
பதினேழாம் நம்பர்.
இரண்டாக வாங்க வேண்டும்.