பாதிவழி

ஒன்பதாம் மைலில் தண்ணீர்க் குழாய் வெடித்த இரவு
என் கையில் ஒரு பலகை இருந்தது.
ஒரு பக்கம் 'நில்'. மறுபக்கம் 'மெதுவாக'.
மூன்று மணி நேரம் கிராஷட் நெடுஞ்சாலை
என் மணிக்கட்டு சொன்னபடி கேட்டது.

இந்தப் பக்கத்துச் சாலைகள் அடிக்கோல் வைத்துப் போட்டவை.
ஏழாம் மைல், எட்டாம் மைல், ஒன்பதாம் மைல்.
பேர் வைக்க அலுத்துப்போய் எண்ணிவிட்டுப் போனார்கள்.
இது மட்டும் டெட்ராய்ட்டில் கிளம்பி
கட்டங்களைக் குறுக்கே கீறிக்கொண்டு
வடகிழக்காக ஓடும்,
கணக்குத் தப்பென்று வாத்தியார் அடித்த கோடு மாதிரி.
போய்ச் சேர வேண்டிய இடம் ஒரு கோட்டை.
கோட்டை போய்விட்டது, அதன் பேர்
சாலையில் தங்கிவிட்டது.
அதையும் எழுதுவது ஒரு விதம், சொல்வது ஒரு விதம்.

லான்செல் புரூயிட் பள்ளத்துக்குள் நின்றார்.
டெல்ஃபீன் வான்டவாலே மண்வாரி ஓட்டினாள்.
முதலில் தார். அடுத்து கான்கிரீட்.
அதன் கீழே செங்கல்,
டிராம் தண்டவாளத்தின் துருப்பிடித்த ஒரு விலா.

"இந்தக் கான்கிரீட் என் அப்பா போட்டது" என்றார் லான்செல்.
ஐம்பத்து நாலில்.
பகலெல்லாம் எட்டாம் மைலுக்கு வடக்கே வேலை,
பொழுது சாய்ந்தால் பஸ் பிடித்துத் தெற்கே.
சாலைக்கு ஆள் வேண்டும்,
வீடு கேட்டால் காலியில்லை.
சொல்லிவிட்டு சிகரெட் கேட்டார்.
என்னிடம் இல்லை.

நாங்கள் தோண்டிய ஊருக்கு முதலில் பேரே பாதிவழி.
டெட்ராய்ட்டுக்கும் மவுன்ட் கிளெமென்ஸுக்கும் நடுவில்
குதிரைகள் மூச்சு வாங்கிய இடம்.
அப்புறம் கிழக்கு டெட்ராய்ட் ஆனது,
பெரிய ஊரின் பேர் ஒட்டினால் மதிப்பென்று நினைத்தார்களோ என்னவோ.
பிறகு அந்த ஒட்டே கசந்து
ஓட்டுப் போட்டு ஈஸ்ட்பாயின்ட்.
பாதிக் கிணறு தாண்டியவர்கள்
எந்தப் பக்கம் விழுவதென்று
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் நிறுத்திவைத்த விளக்குகளில்
ஒருவர் ரோஸ்வில் போகிறவர்.
ஒருத்தி மவுன்ட் கிளெமென்ஸ் ஆஸ்பத்திரிக்கு,
கண்ணாடியை இறக்கி, இன்னும் எவ்வளவு நேரம் என்றாள்.
முட்டி வலிக்காரர்கள் ஒரு காலத்தில்
இதே வழியில் அங்கே போனார்கள்,
அழுகிய முட்டை நாறும் வெந்நீரில் ஊற.
இப்போது வலி மாத்திரையைக்
காரிலிருந்து இறங்காமலே வாங்கலாம்,
மெத்தைக் கடைக்கு அடுத்த கடை.

நாலடியில் டெல்ஃபீனின் வாளி இடறியது.
ஓக் பலகை. கன்னங்கறுப்பு.
காற்றே படாததால் மக்காமல் கிடந்தது.
சேறு வண்டியை விழுங்காமலிருக்க
வழி நெடுக மரம் பாவி,
சாவடி வைத்துச் சுங்கம் வாங்கிய காலத்தது.
லான்செல் விரல் மடக்கித் தட்டினார்,
உள்ளே யாரோ இருப்பதுபோல.
"மியூசியத்துக்குச் சொல்லணும்" என்றாள் டெல்ஃபீன்.
"காலையில்" என்றார் மேற்பார்வையாளர்,
காபியிலிருந்து முகத்தை எடுக்காமல்.

அப்போதுதான் ஜல்லி லாரி பின்னோக்கி வந்து
ஆழம் தெரியாமல் காலை விட்டது.
சக்கரம் சுழன்றது. சேறெல்லாம் என் வாயில்.
அந்தப் பக்கம் வரிசை பத்தாம் மைல்வரை ஹாரன் அடித்தது.
யாரும் யாரையும் கேட்கவில்லை.
என் பலகையைக் கூம்பில் சாய்த்துவிட்டு
இந்தப் பலகையின் ஒரு முனையைப் பிடித்தேன்.
மறுமுனை லான்செல்.
டயருக்கடியில் திணித்தோம்.

பிடித்தது.
லாரி எழுந்து வெளியே வந்த அதே நொடி
மரம் நீளவாக்கில் பிளந்தது,
துப்பாக்கி வெடித்த சத்தம்.
ஆஸ்பத்திரிக்காரி காரிலிருந்து தலையை நீட்டினாள்.

"சுங்கம்?" என்றார் லான்செல்.
ஓட்டுநர் சிரிக்கவில்லை. பையைத் துழாவி
கால் டாலர் ஒன்றை எடுத்து
பள்ளத்துக்குள் போட்டார்.

விடியுமுன் ஜல்லி, மண், சூடான தார்.
முதல் பஸ் அந்த இடத்தில் லேசாகத் தூக்கிப் போட்டது,
தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.
டெல்ஃபீன் வேலைத் தாளில்
'அகற்றிய கழிவு' என்ற இடத்தில்
நிறைய நேரம் பேனாவை வைத்திருந்தாள்.
பிறகு எழுதினாள்:
மரம், இரண்டு துண்டு.