மலை காணாத வண்டி

அன்றைக்கு சவரிராஜ் என்னோடு பேசவேயில்லை.
காசு என் கைப்பையில்,
லைசன்ஸ் என் பெயரில்,
பேச்சு முழுக்க என் தம்பியோடு.
சைக்கிள்கூட விடத் தெரியாத மோகனதாஸ்
பொனட்டைத் தட்டித் தட்டித் தலையாட்டினான்.

மல்லியப்புச் சந்தி. டயர்க்கடைக்குப் பின்னால்
தார்ப்பாய் மூடிய மூன்று வண்டிகள்.
"லேடி டொக்டர் பாவிச்சது சார்.
வீடு விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி விட்டா வீடு."
மீட்டரில் நாற்பதாயிரம்.
பிரேக் மிதியில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது.
எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன்.
தம்பியிடம் சொன்னான்:
"கொழும்புப் பக்கம் சார்."

டிக்கோயா ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கே இருமியது மாருதி.
"பனி சார். எஞ்சின் இன்னும் சூடாகல."
பனியே இல்லை அன்றைக்கு.

மூன்று பிளேன்டீ, இரண்டு கோபம்.
தலவாக்கலை பஸ்ஸில் நாங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு
ஜன்னலைத் தட்டினான்.
ஐயாயிரம் குறைந்தது.
அவனே தேசிக்காய் வாங்கி நாலு டயருக்கும் வைத்தான்,
அந்தக் காசையும் வாங்கிக்கொண்டான்.

ஆறு மாதத்தில் ஒரு ராத்திரி, அடைமழை,
பாதி வழியில் கிளட்ச் போய்விட்டது.
லொத்தர் சீட்டின் பின்பக்கம் அவன் எழுதித் தந்த நம்பர்.
வந்தான்.
சாரத்தை மடித்துக் கட்டி, வாயில் டோர்ச்சைக் கடித்து
வண்டிக்கடியில் ஒரு மணி நேரம் கிடந்தான்.
என்னைத் திட்டினான், கிளட்சில் காலை வைத்தபடி ஓட்டுகிறேனாம்.
அவன் என்னிடம் நேராகப் பேசியது
அதுதான் முதல் தடவை.

இப்போது முப்பத்தாறு படங்கள்.
விரலால் நகர்த்தினால் கார் தானே சுற்றிக் காட்டுகிறது,
நாற்காலிக்கடியில்கூட வெளிச்சம்.
கிஷாந்த் குரல்பதிவு அனுப்புகிறான்: "மேடம்."
தம்பியை விசாரிக்கவில்லை.
விலையில் ஒரு சதம் அசையாது, அது கம்பனியின் விலை.
கோபித்துக்கொண்டு ஏற பஸ்ஸும் இல்லை,
நான் என் கட்டிலில் அல்லவா இருக்கிறேன்.
ஜப்பான் எழுத்தில் ஒரு தாள் வந்தது,
எல்லா உண்மையும் அதில் இருக்கிறதாம்.
வாசிக்கத் தெரியாததாலோ என்னவோ
அப்படியே நம்பினேன்.

லீசிங் படிவம்தான் மறித்தது.
வீதி இலக்கம், கட்டாயம்.
மேற்பிரிவு, ஏழாம் லயம் என்று அடித்தேன்.
சிவப்பு.
தோட்டத்தின் பெயரைச் சேர்த்தேன்.
சிவப்பு.
இருபத்தொரு வருடச் சம்பளச்சீட்டைப் பச்சையாக ஏற்ற படிவம்
நான் தூங்குகிற இடத்தை ஏற்கவில்லை.
"பக்கத்துல ஏதாவது கடை நம்பர் போடுங்க மேடம், எல்லாரும் அப்படித்தான்."
மல்லியப்புச் சந்தியின் பழைய டயர்க்கடை,
இப்போது போன் கடை, அதன் இலக்கத்தைப் போட்டேன்.
பச்சை.

பழைய மாருதிக்கு
நான் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு கிடைக்குமாம்.
நாடு அப்படி.
கிஷாந்த் ஆள் அனுப்பிக் கழுவிப் படம் எடுத்தான்,
சக்கர இடுக்கில் காய்ந்திருந்த தேயிலைக்கொழுந்தைக்கூட விடாமல்.
மாலையில் விளம்பரம் வந்தது.

"லேடி டீச்சர் பாவித்தது.
வீடு, பள்ளிக்கூடம் மட்டும்.
மலை காணாத வண்டி."
கீழே என் நம்பர்.

ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பெண் எடுத்தாள், சிலாபத்திலிருந்து.
பின்னால் யாரோ ஆண் குரல் அவளுக்குக் கேள்வி சொல்லிக்கொடுத்தது.
அவனை அதட்டி அடக்கிவிட்டு அவளாகவே கேட்டாள்:
"டீச்சர், எந்தப் பள்ளிக்கூடம்?"

நான் வாய் திறக்குமுன்
கொழுந்து லொறி ஒன்று வளைவில் திரும்பி
இரண்டாம் கியரில் முக்கி முக்கி ஏறியது.
அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.