கணக்கில் சேராத நிறுத்தம்

தாடைக்கு ஒரு தாங்கி,
நெற்றி முட்ட ஒரு பட்டை.
கெண்ட் ரிட்ஜ் மேட்டில் ஜன்னல் இல்லாத அறை.
ஒரு மணி நேரத்துக்கு இருபது வெள்ளி.

"வாசிச்சா போதும் ஆன்ட்டி, யோசிக்க வேணாம்"
என்றாள் ஹுய் ஷின்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
என் கருவிழி எங்கே நிற்கிறது, எங்கே தாவுகிறது,
அது மட்டும் தெரியும்.

இருபத்தாறு வருஷமாய்
கெர்பாவ் சாலை அச்சகத்தில் பிழை பார்க்கிறேன்.
ஓர் ஒற்று விட்டுப்போனால் இரவு தூக்கம் கெடும்.
எழுத்தெழுத்தாகப் படிக்கிறவள் என்று
என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு.

வண்டவாளம் பச்சைப் புள்ளிகளாய்த்
திரையில் ஏறியது.
சுற்றமும் நட்பும்: 'சு'வைத் தொட்டதோடு சரி.
ஓட்டமும் நடையுமாக: நடக்கவே இல்லை, ஓட்டம்தான்.
கண்ணும் கருத்துமாக:
கண்ணில் ஒரு புள்ளி,
கருத்தில் ஒன்றுமில்லை.

நடுநடுவே திருப்பிப் போட்டிருந்தார்கள்.
கருத்தும் கண்ணுமாக. பள்ளம் மேடு. தண்ணி சோறு.
சொல்லில் பிழையில்லை, இலக்கணத்தில் பிழையில்லை,
செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டதுபோல்
அங்கங்கே தடுக்கிக் குவிந்திருந்தன புள்ளிகள்.

அப்படியானால் எத்தனை கல்யாணப் பத்திரிகை
'தங்கள் நல்லவரை நாடும்' என்றே
என் கையைத் தாண்டிப் போயிற்றோ!

ஹுய் ஷின் பென்சிலால் ஒரு வரியைத் தொட்டாள்.
"இதைத் திருப்பவே இல்லை, பழகின ஜோடி.
முப்பத்தெட்டுப் பேரும் தாண்டிப் போயிட்டாங்க.
நீங்க மட்டும் ஏன்?"

வீடு வாசலோடு வசதியாக இருந்தார்கள்.

வீடு. வாசல். மறுபடி வீடு.
மறுபடி வாசல், அங்கேயே.

போன வியாழன் தோ பாயோவில்
ஒரே மேஜையில் இரண்டு கையெழுத்து,
பன்னீரும் நானும்.
வெளியே வந்து வேறு வேறு பஸ் நிறுத்தம்.
யீஷுன், பதினொன்றாம் மாடி.
வாசல் என்று பார்த்தால்
பொது நடைபாதையில் மூன்று ஓடு.
போன தீபாவளிக்கு ஒட்டிய கோல ஸ்டிக்கர்
உரித்தும் ஒரு மூலை வரவில்லை.
புதுசாய் வருகிறவர்கள் சுரண்டிக்கொள்வார்கள்.

"என்ன அர்த்தம்?"
ஒண்ணு வீடு. இன்னொண்ணு கதவுக்கு முன்னால இருக்கிறது.
"ரெண்டும் சேர்ந்தா?"
வீடுதான்.

"கண் சிமிட்டியிருப்பீங்க,"
அந்த வரியைக் கணக்கிலிருந்து எடுத்தாள்.

வெள்ளி வாங்கியதற்குப் படிவம் நீட்டினாள்.
பெயருக்கு முன் அச்சாகியிருந்தது, திருமதி.
தாண்டிப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.