வெற்றுக் குழாய்

செவ்வாய் காலை ஆறேகாலுக்குப்
பற்குணம் அண்ணர் பிளாஸ்கோடு வருவார்.
இளஞ்சூட்டு உப்புநீருக்குள்
நாற்பது சூலகங்கள், எல்லாம் மாட்டினுடையவை.
கொல்களத்துப் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு
"நல்ல சாமான், தங்கச்சி" என்பார்,
சந்தையில் கத்தரிக்காய் விற்பவரைப் போல.

பேர்ன் அப்போதும் இருட்டுத்தான்.
லெங்காஸ வீதியில் பனி தள்ளும் வண்டி மட்டும்
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போகும்.

ஊசியால் குத்தி உறிஞ்சுவேன்.
சினைக்குமிழுக்குள் இருப்பது வைக்கோல் நிறத் தண்ணீர்.
அதில் மிதக்கும் உயிரணுக்கள்
ஆண் ஹோர்மோனை வாங்கிப்
பெண் ஹோர்மோனாக்கும்.
ஒரேயொரு கார்பன் அணுவை உதிர்த்தால்
பாதி வேலை முடிந்தது.
இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கா
இத்தனை வேலி, இத்தனை வழக்கு
என்று முதல் வருடம் சிரித்தேன்.
பிறகு பழகிவிட்டது.

தை மாதம் புதுக் கருவி வந்தது.
பழையதைவிட நூறு மடங்கு கூர்மை.
தொல்லையும் அதோடேயே வந்தது.

ஒவ்வொரு தட்டிலும் வெற்றுக் குழாய் ஒன்று வைப்போம்.
உயிரணு இல்லை, சினை இல்லை, வெறும் நீர்.
அது பூச்சியம் சொல்ல வேண்டும்,
அதன் உத்தியோகமே அதுதான்.
அது பன்னிரண்டு என்றது.
அடுத்த வாரம் முப்பத்தொன்று.
ஒன்றுமில்லாதது சூல் கொண்டிருந்தது.

நீரை மாற்றினோம்.
பிளாஸ்டிக்கைச் சந்தேகித்துக் கண்ணாடிக்கு வந்தோம்.
முனைவர் ட்ஸ்பிண்டன் கருவியின் வயிற்றைத் திறந்து
மூன்று நாள் கழுவினார்.
லூக்கா தொட்ட குழாய்கள் சுத்தம்.
ட்ஸ்பிண்டன் தொட்டவையும் சுத்தம்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
அட்டவணை சொன்னது,
என் பெயரின் முதலெழுத்துக்கு நேரே
ஏறிக்கொண்டே போன எண்களில்.

வீடு போகும் பஸ்ஸில்,
ஆறு இருப்பதே தெரியாத மூடுபனிப் பாலத்தில்,
மேற்கை அரித்தது.
சொறியப் போன விரல் நின்றது.

தினமும் பல் விளக்கியதும்
இடது கையில் இரண்டு அமுக்கு ஜெல்.
முப்பத்தாறு வயதில்
என் சூலகங்கள் கடையைச் சாத்தியதிலிருந்து.
அம்மாவுக்குத் தெரியாது.
போனில் "விசேஷம் ஏதும்?" என்று கேட்டு
இருமல் போல இடைவெளி விடும் மாமிக்கும் தெரியாது.
குழாய்க்குத் தெரிந்திருந்தது,
பிக்கோகிராம் கணக்கில்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில்
என் ஓட்டை ஜெர்மனில் சொல்லி முடித்தேன்.
ட்ஸ்பிண்டன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"எந்தக் கம்பனி? எத்தனை மில்லிகிராம்?"
குறிப்பேட்டில் எழுதினார்:
அளவு, நேரம், இடது கை.
இரக்கப்படாததற்காகவே
அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.
லூக்கா காரணமில்லாமல் எழுந்துபோய்
ஜன்னலைத் திறந்தான். குளிர் வந்தது.
யாரும் மூடச் சொல்லவில்லை.

இப்போது மாத்திரை. இரட்டைக் கையுறை.
செவ்வாய், பிளாஸ்க், பற்குணம் அண்ணர்.
"நல்ல சாமான், தங்கச்சி."
மாலை நாலரைக்கு
வெற்றுக் குழாயின் எண் திரையில் விழுந்தது.
பூச்சியம்.
ட்ஸ்பிண்டன் ஒளித்துவைத்திருந்த கேக்கை எடுத்தார்.
லூக்கா கை தட்டினான்.
நானும் தட்டினேன்,
கொஞ்சம் பிந்தி.