ஐந்து டொலர்

பாலெடுத்த தேங்காயின் கண்ணில்லாத பாதி.
மூன்று தரம் அவித்து, நார் சுரண்டி,
விளிம்பில் சுண்டுவிரல் நுழையுமளவு அறுத்து
தொட்டியில் கவிழ்த்து வைத்தேன்.
சிரட்டையின் உட்கூரையில், தலைகீழாக,
அறுபதோ எழுபதோ முட்டை,
குரக்கன் நிறம், குரக்கன் அளவு.

பெண் மீன் என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை.
முட்டையிட்ட அன்றே மஞ்சளாகிவிட்டாள்.
அரைத்த மஞ்சள் அல்ல,
ரெஜைனாவில் பள்ளி பஸ்ஸுக்கு அடிக்கிற மஞ்சள்.
நீலச் செட்டையும் நீட்டு வாலுமாய் வந்த புருஷன்காரன்
ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கி நிற்கிறான்.
கிட்டப் போனால் கடி.

முதல் தரம் தானே தின்றாள்.
இரண்டாம் தரம் பூஞ்சணம்.
வெளுத்ததை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிப் பொறுக்கி
கடைசியில் பொறுக்க ஒன்றுமில்லை.

சோடியை விற்ற ரொடெல் வந்து பார்த்தான்.
உங்கள் தண்ணீர் சரியில்லை என்றான்.
என்னிடமா?
டயாலிசிஸ் பிரிவில் பதினோரு வருடம்
விடியமுன் தண்ணீர் சோதிப்பவள் நான்.
குளோரின் இல்லை, சுண்ணாம்பு இல்லை என்று
கையெழுத்து வைத்தபிறகுதான்
அங்கே ஒருவர் இரத்தமும் உடம்பைவிட்டு வெளியே வரும்.
வீட்டுக்கு வந்து கேத்தலைத் திறந்து பார்த்தேன்.
அடியில் வெள்ளையாய், ஓடு மாதிரி.

அதற்குப் பிறகு பின்வளவுப் பனியை அள்ளினேன்.
வாளி நிறைய அள்ளினால்
உருகி ஒரு செம்பு.
கொட்டாங்காய்ச் சருகு போட்டு ஊறவைத்தேன்,
பால் விடாத தேத்தண்ணி நிறம் வரும்வரை.
மூன்றாம் தரம் அதில்தான் இட்டாள்.

நாலாம் நாற்காலி லாவெர்னிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.
திங்கள், புதன், வெள்ளி.
ஒருகாலத்தில் ஆயிரம் வான்கோழி வைத்திருந்த மனிதர்.
காலை வணக்கம் போய்,
"பொரிச்சதா?" என்றாகிவிட்டது.
பிறகு பந்தயம்: ஆண் கூடவா, பெண் கூடவா?
நான் ஆண் என்றேன்.
தொட்டி இருபத்தெட்டுப் பாகை,
சூட்டுக்கு ஆண் கூடும் என்று ரொடெல் சொல்லியிருந்தான்.
அதை லாவெர்னிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சிரட்டை வெறுமை.
திட்டினேன். மீனைத்தான், வாய்விட்டு.
ஞாயிறு காலை
மணலில் ஒரு துண்டு எழும்பி நீந்தியது.
குஞ்சுகளை வாயில் கௌவி
பின்பக்கக் குழிக்கு மாற்றியிருக்கிறாள்,
என்னையும் நம்பாமல்.

சோடாப் போத்தலில் உப்புத்தண்ணீர், அதில் இறால் முட்டை,
அது பொரிக்க ஒரு பகல் ஓர் இரவு.
ஒரு முட்டைக்குச் சோறூட்ட இன்னொரு முட்டை.
குஞ்சுகளின் வயிறு தோடம்பழ நிறமானால்
பசியாறிவிட்டன.

பிறகு அந்தப் புயல்.
மைனஸ் முப்பத்தொன்பது, ஆறு மணித்தியாலம் கரண்ட் இல்லை.
வந்தபோது ஹீட்டர் வெடித்திருந்தது.
புதியது கல்கரியிலிருந்து வர ஒன்பது நாள்.
துவாரகனின் உறக்கப் பையைத் தொட்டிக்குச் சுற்றினேன்.
"நான் எதைப் போர்க்கிறது?" என்றான்.
இரவில் டோர்ச் அடித்துப் பார்த்தால்
அத்தனையையும் சிரட்டைக்குள் தள்ளிவிட்டு
வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறாள்.
வெளிச்சத்தைக் கடிக்க வந்தாள்.
இருபத்திரண்டு பாகை. சிலநேரம் இருபத்தொன்று.

ஜூனில் எண்ணினேன்.
முப்பத்துநாலு. அதில் இருபத்தேழு பெண்.
அந்த ஒன்பது நாள் குளிர்தான் என்கிறான் ரொடெல்.
இருக்கலாம். எனக்கென்ன தெரியும்,
நான் தண்ணீர் மட்டும்தான் பார்ப்பவள்.

லாவெர்னின் இடக்கையில் ஊசி இரண்டு,
அசைக்க முடியாது.
வலக்கையை நீட்டினார், உள்ளங்கை மேலே.
இரண்டு டொலர்க் குற்றி இரண்டு, ஒரு டொலர்க் குற்றி ஒன்று.
பெருவிரலால் தடவி எண்ணிப் பார்த்தபிறகு கேட்டார்:
"இவ்வளவு பொம்பிளையளையும் எங்கே வைக்கப்போறாய்?"

அதனால்தான் இந்தக் கிழமை முழுக்க
எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் கறி.