திருப்பி வைத்த கண்ணாடி

வெள்ளச் சுவருக்குக் கணக்கெடுக்க வந்தவன் நான்.
பழம்படங்களில் மயக்கம் கிடையாது.
1909 வெள்ளத்தில் தண்ணீர் எந்தக் கல்வரை ஏறியது,
அது தெரிந்தால் போதும்.

கில்மோரன் நூலகத்தின் கீழறையில், கொதிகலன் பக்கத்தில்
பெட்டியைத் திறந்தாள் செங்கா கௌர்லே.
நூற்றுப் பதினான்கு கண்ணாடிகள்,
விளக்கின் முன் வைத்துத் திரையில் காட்டியவை ஒருகாலத்தில்.
ஒவ்வொன்றையும் சுற்றியிருந்தது
இப்போது ஓடாத ரயில்களின் அட்டவணை.
“ஓரத்தைப் பிடி” என்றாள்.
ஆங்கிலத்தில் ஆக்னெஸைப் பின்னிருந்து எழுதினால் செங்கா.
அவள் பிறந்தபோது வீட்டில் ஏற்கெனவே மூன்று ஆக்னெஸ்களாம்.

முதல் கண்ணாடி, 1871.
மடாலயத்தின் மேற்கு வளைவு, கூரையில்லாமல்.
அதன் கீழே ஃபின்னோக் ஆறு இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு வெண்மை.
எட்டு நொடி விழித்திருந்த லென்ஸில்
ஓடிய எதுவும் தங்கவில்லை.
பக்கத்துத் திடலில் வெளுக்க விரித்த லினன் துணி,
அதுவும் அதே வெண்மை.
எங்கே துணி முடிந்து எங்கே ஆறு தொடங்குகிறது?
அளவுகோலோடு விழித்தேன்.

அசையாது நின்ற வெளுப்புக்காரிக்கு முகம் இருந்தது.
திரும்பிப் பார்த்த நாய்க்கு இரண்டு தலை.
யாரோ ஒரு பையன்,
புல்லில் ஊன்றிய பூட்ஸ் மட்டும் அவன்.

பிறகு ஆலை வந்தது. புகைபோக்கி, மணிக்கூண்டு,
வாசலில் தோளோடு தோள் நெருக்கி நானூறு பெண்கள்.
படகுத்துறை வந்து, போய், பாலம் வந்தது.
லினன் திடலில் நிலக்கரி.
நிலக்கரி மேட்டில் கார்கள்.

1909-ஐ விளக்கில் வைத்ததும் துள்ளிவிட்டேன்:
மடாலயம் தென்கரையில்!
ஆறு அதைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போயிருக்கிறது என்று
குறிப்பேட்டில் அம்பு போட்டு,
அலுவலகத்துக்குப் போன் செய்து,
இரண்டு பேரை வரச்சொல்லி...
செங்கா ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடியை எடுத்துத் திருப்பி வைத்தாள்.
மூலையில் மீன்கடைப் பலகையின் எழுத்துகள் நேராயின.
எண்ணூறு வருடம் அசையாத கல்
ஒரு மணிக்கட்டில் ஆற்றைத் தாண்டி வீடு திரும்பியது.
“என் பெயர் மாதிரி” என்றாள், சிரிக்காமல்.

ஆறு நகரவே இல்லை என்றும் சொல்லமுடியாது.
நாற்பத்தொரு அடி, கிழக்கே,
யாரும் பார்க்காத வருடங்களில்.

இன்னொன்றும் கண்டேன், என் வேலைக்கு உதவாதது.
1871-இல் வளைவின் இடது தோளில் கற்கள் இல்லை.
இன்று இருக்கின்றன.
பெட்டியின் அடியில் 1927-ஆம் வருட ரசீது:
ஈயம், சுண்ணாம்பு, இரும்புக் கம்பி, இருவர் கூலி,
‘இடிபாடு மேலும் இடியாதிருக்க.’
ஆலைக்கு அப்படி ஒரு ரசீது இல்லை.
கூரையோடு நின்றதால்
யாருக்கும் தோன்றவில்லை போலும்.
இன்று அதன் ஒரு செங்கல்கூட இல்லை.

சாயங்காலம் அதே இடத்தில் நின்று
கோப்புக்காக ஒரு படம் எடுத்தேன்.
பொடித் தூறல். போனின் கண் ஆற்றைச் சட்டென்று நிறுத்தியது,
ஒவ்வொரு சுழிப்பும் பல் பல்லாக.
அடுத்த வருடம் இங்கிருந்து பார்த்தால் ஆறு தெரியாது,
என் சுவர் தெரியும்.

ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் ஒருவர் கையசைத்தார்.
கை உயர்ந்தபடியே நிற்கிறது.
செங்காவுக்கு அனுப்பினேன்.
பதில் ஐந்து நிமிடத்தில் வந்தது:
முர்டோ கினியர். தூண்டில்.
இன்றும் ஒன்றும் சிக்கவில்லை.