ஏழாவது இருக்கை

டிசம்பர் இருபத்து நான்கிலிருந்து
ஒரு வாரம் தொழிற்சாலையை மூடுகிறார்கள்.
பாயான் லெப்பாஸில் இயந்திரங்கள்
மூச்சு வாங்கிக்கொள்ளும் ஒரே வாரம்.
அதற்குள் கேமரன் மலை ஏறி
இறங்கிவிட வேண்டும்.

மீன்குழம்பு மங்கைத் தள்ளி வைத்துவிட்டு
சாப்பாட்டு மேசையில் சந்திரமோகன் வழி போடுகிறார்.
பாலம், ஜூரு டோல், தைப்பிங் மழை,
மெனோரா சுரங்கம், ஈப்போவில் பசியாறல்.
சிம்பாங் பூலாய் பக்கம் ஏறினால் சடக்கு அகலம்.
தம்பி நாகேந்திரனுக்கோ
தாப்பா வழி ஏறினால்தான் மலை.
"வளைவே வேண்டாம்னா லிஃப்ட்டுல போகலாமே, அண்ணே."
போன வாரம் எந்தப் பக்கம் மண் சரிந்தது என்று
இருவரும் கைபேசியில் தேடுகிறார்கள்.
இரண்டு பக்கமும்.

பிள்ளைகளுக்குக் குளிர்காலம் வேண்டும்.
பண்டல் கடையில் பேரம் பேசி
மூன்று குளிர்ச்சட்டை, முப்பது வெள்ளி.
யஷ்வினிக்கு வாய்த்த நீலச் சட்டையின் பையில்
ஜப்பான் எழுத்தில் ஒரு கசங்கிய சீட்டு.
பனிமலை ஏறப் போனவர்களின் சீட்டு என்கிறாள்.
பல் பிடுங்கிய ரசீதாகவும் இருக்கலாம்.
நான் சொல்லவில்லை.
பதினாறு பாகைக் குளிருக்கு
காற்றாடிக்குக் கீழே
வியர்த்து வழிய ஒத்திகை நடக்கிறது.

வண்டியில் ஏழு இருக்கை.
போகிறவர்கள் ஆறு பேர்.
போன வருடம் எண்ணிப் பார்க்கவே தேவையிருக்கவில்லை.

புஷ்பலீலாவை இனி என்னவென்று அழைப்பது?
ஓரகத்தி என்ற சொல்லுக்கு முன்னால்
'முன்னாள்' என்று சேர்த்துப் பார்த்தேன்.
பதவி பறிபோன அமைச்சர் மாதிரி இருந்தது.
வீட்டில் யாரும் பெயரைச் சொல்வதில்லை.
'அங்கே' என்கிறார்கள்.
"சர்வின் வெள்ளிக்கிழமை வரைக்கும் அங்கே."

எல்லோரும் படுத்த பிறகு
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
ஒரே வரி அனுப்பினேன்:
பையனுக்கு எந்த வளைவில் குமட்டும்?

மூன்று நிமிடக் குரல் பதிவு வந்தது.
காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன்.

நாலரைக்கே கிளம்பிடுங்க.
வெறும் வயித்தோட ஏத்தாதே, ரொட்டி சானாயும் குடுக்காதே.
காய்கறி லோரி பின்னால மாட்டிக்கிட்டா
ஏசியை அடைச்சிட்டு கண்ணாடியை இறக்கு.
சௌரஸ்தாவுல அசாம் போய் வாங்கு, ரெண்டு பொட்டலம்,
சிவப்பு வேணாம், அவன் துப்பிடுவான்.
தேயிலை தெரியிற முதல் வளைவுல எழுப்பி விடு.
பார்க்காம தூங்கிட்டா
இறங்குற வரைக்கும் அழுவான்.

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அங்கேயும் காற்றாடி சுற்றுகிற சத்தம்.
முடிந்துவிட்டது என்று
கைபேசியை எடுக்கப் போனபோது,

அவரோட பிரஷர் மாத்திரை
முன்பையிலேயே இருக்கட்டும்.
பெட்டிக்குள்ள வச்சா தேட மாட்டார்.

பட்டியலில் எழுதிக்கொண்டேன்.
யார் சொன்னது என்று எழுதவில்லை.

இன்று காலை அடுக்குமாடிக்குக் கீழே
வண்டியில் சாமான் ஏறுகிறது.
"அந்தக் கடைசி இருக்கையை மடக்கிட்டா
ரைஸ் குக்கர், பாய், தண்ணிக் கேன்
எல்லாம் ஏறிடும்" என்கிறார் சந்திரமோகன்.
நெம்புகோலை இழுத்தேன்.
பாதி வரை சாய்ந்தது,
பிடிவாதமாக நிமிர்ந்துகொண்டது.

நாகேந்திரன் குனிந்து
கைபேசி வெளிச்சத்தில் அடியில் பார்த்தார்.
இரும்புத் தடத்தின் இடுக்கில்
காய்ந்து இறுகிய ஒரு கொட்டை,
அசாம் போய்.

ஸ்க்ரூடிரைவர் அவர் கையில்தான் இருந்தது.
நெம்பினால் ஒரு நொடி வேலை.
"மடங்காது, அண்ணி" என்றார்
எழுந்திருக்காமலே.

சரி.
ரைஸ் குக்கர் என் மடியில் வரட்டும்.
எந்த வழி என்பது
இன்னும் முடிவாகவில்லை.